1848: பக்குவம் என்கிற வாதம்

1848 ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு. அன்றும் மறுநாளுமாக ஃபிரான்ஸில் 78 லட்சம் ஆண்கள் ஓட்டுப் போட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தவர்கள் 94 லட்சம். நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூன்று மாதங்களுக்கு முன் அதே தேசத்தில் ஓட்டுரிமை இருந்தது இரண்டரை லட்சம் பேருக்கு. 1792ல் முதல் குடியரசுக்காக நடந்த தேர்தல் மறைமுகமானது. ஜனங்கள் தேர்ந்தவர்கள் கூடிப் பிரதிநிதிகளைத் தேர்ந்தார்கள். சொத்தும் வரியும் படிப்பும் கேட்காமல், இடையில் ஆள் வைக்காமல், ஐரோப்பாவின் பெரிய தேசம் ஒன்று தன் ஆண்கள் அனைவரையும் கூப்பிட்டது 1848ல்தான்.

சரித்திரப் புத்தகங்களில் இதன் கதை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறது. புரட்சி செய்தவன் பாரிஸ் தொழிலாளி. ஓட்டு கிடைத்தது கிராமத்து விவசாயிக்கு. அவன் அதைப் பாதிரியிடமும் நிலச்சுவான்தாரிடமும் கொண்டுபோய்க் கொடுத்தான். எட்டு மாதம் கழித்து ஒரு நெப்போலியனிடம் கொடுத்தான். குடியரசு செத்தது. ஆகவே ஜனங்கள் பக்குவப்படவில்லை. இதில் சொல்லப்படும் சம்பவங்கள் நடந்தவைதான். கடைசியில் வரும் அந்த ‘ஆகவே’தான் எனக்கு ஒப்புதலில்லை.

கவிதையும் விமர்சனமும் அச்சிடுகிற ஒரு பத்திரிகையில் இதை எழுதக் காரணம் இரண்டு. முதலாவது, 1848ன் அரசியலை எழுத்தாளர்கள் வெளியில் நின்று பார்க்கவில்லை. அதன் நடுவில் நின்றார்கள். தற்காலிக அரசாங்கத்தின் முகமாக இருந்தவன் லமார்த்தின் என்கிற கவிஞன். இரண்டாவது, பக்குவம் என்கிற சொல் அரசியல்வாதியைவிட நம்மிடம்தான் அதிகம் புழங்குகிறது. ஐந்நூறு பிரதி அச்சிட்டு இருநூறை வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் நாம், வாசகன் பக்குவப்படவில்லை என்பதை ஒரு சமாதானமாகவே பழக்கிக்கொண்டவர்கள். அந்தச் சொல்லின் பூர்வோத்திரத்தை ஒரு தேர்தலில் வைத்துப் பார்ப்பது பிரயோஜனமானது என்று எண்ணுகிறேன்.

லூயி ஃபிலிப்பின் ஆட்சியில் (1830–1848) ஓட்டுரிமைக்கு முக்கியத் தகுதி வருஷத்துக்கு 200 ஃபிராங்க் நேர்முக வரி. ஜனத்தொகை மூன்றரைக் கோடி. இந்த வரம்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு மந்திரி கிஸோ கொடுத்த பதில், சம்பாதியுங்கள், உரிமை தானே வரும் என்பது. கிஸோ முட்டாள் அல்ல. தேர்ந்த சரித்திராசிரியர். 1833ல் ஊருக்கொரு ஆரம்பப் பள்ளி என்று சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. எழுத்துக் கற்றுக்கொடுக்கத் தயாராக இருந்தார். அந்த எழுத்தை ஒரு சீட்டில் எழுதவிடத் தயாராக இல்லை. அரசியல் கூட்டங்களுக்குத் தடை இருந்ததால் எதிர்க்கட்சியினர் விருந்து என்ற பெயரில் கூடிப் பேசினார்கள். 1848 பிப்ரவரி 22ல் பாரிஸில் நடக்க இருந்த விருந்தைத் தடுத்தார்கள். 24ந் தேதி அரசன் முடியைத் துறந்தான். வரம்பை 200லிருந்து 100ஆகக் குறைத்திருந்தால் ஒருவேளை இன்னும் இருபது வருஷம் அரசாண்டிருக்கலாம்.

மார்ச் 5ந் தேதி அரசாணை வந்தது. இருபத்தொரு வயதான, ஓரிடத்தில் ஆறு மாதம் குடியிருந்த ஒவ்வொரு ஃபிரெஞ்சு ஆணுக்கும் ஓட்டு. நாற்பதாயிரம் பேருக்கு ஒரு பிரதிநிதி. மொத்தம் 900 இடங்கள். பிரதிநிதிக்குத் தினம் 25 ஃபிராங்க் படி. இல்லையென்றால் தொழிலாளி எப்படி பாரிஸில் வந்து உட்கார முடியும்? இந்த 25 ஃபிராங்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும்.

ஓட்டுப் போடும் முறையைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விஷயம் அதில்தான் இருக்கிறது. ஊரில் ஓட்டுச் சாவடி கிடையாது. பல கிராமங்கள் சேர்ந்த ஒரு வட்டத்துக்கு, கான்டன் என்பார்கள், அதன் தலைமை ஊருக்கு நடந்துபோக வேண்டும். தொகுதி என்பது முழு மாவட்டம். மாவட்டத்துக்குப் பதினைந்து பிரதிநிதி என்றால் சீட்டில் பதினைந்து பெயர் எழுத வேண்டும். பாரிஸ் அடங்கிய ஸேன் மாவட்டத்தில் முப்பத்து நாலு பெயர். சீட்டை அரசாங்கம் கொடுக்காது; ஓட்டுப் போடுகிறவன்தான் கொண்டுவர வேண்டும். எழுதத் தெரியாதவன் யாரிடமாவது எழுதி வாங்கி வரலாம், கட்சிக்காரனோ பாதிரியோ பத்திரிகையோ அச்சிட்டுக் கொடுத்ததையும் கொண்டுவரலாம். மடித்த சீட்டைச் சாவடித் தலைவர் கையில் கொடுக்க, அவர் அதைப் பெட்டியில் போடுவார். ரகசிய வாக்கு என்று அரசாணை சொல்லிற்று. உறையும், திரை மறைவில் தனியே நிற்கிற சிறு அறையும் ஃபிரான்ஸில் வந்தது 1913ல். அறுபத்தைந்து வருஷம், ரகசியம் என்பது காகிதத்தின் ஒரு மடிப்பு மட்டுமே.

இப்படி அமைத்த பிறகு தனிமனிதன் தன் மனச்சாட்சியோடு வந்து ஓட்டுப் போடவில்லை என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை. தனிமனிதன் வருவதற்கான வழியே போடப்படவில்லை. ஊர்தான் வந்தது.

அந்த ஊர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற தொக்வில், நார்மண்டியில் தன் பெயர் கொண்ட ஊரிலிருந்து ஓட்டுப் போடப் போனதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1850, 51ல் எழுதி வைத்தது; அவர் இறந்து பல வருஷம் கழித்து 1893ல் அச்சானது. கோவில் முன் ஊர் ஆண்கள் கூடுகிறார்கள். அகர வரிசையில் இருவர் இருவராக நிற்கிறார்கள். பிரபுவான தொக்வில் தன் பெயருக்குரிய இடத்தில் போய் நிற்கிறார்; இந்த மாதிரிக் காலத்தில் முன்னால் நிற்பதைத் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது, பிறர் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பெண்களும் குழந்தைகளும் மட்டும் ஊரில் தங்குகிறார்கள். ஒரு மேட்டில் ஊர்வலம் நிற்கிறது. அவர் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பேசுகிறார்: பட்டணத்தில் யாரிடமும் நின்று பேச்சுக் கொடுக்க வேண்டாம், சாப்பிடவோ உலர்த்திக்கொள்ளவோ வீடுகளுக்குள் நுழைய வேண்டாம், ஓட்டுப் போடும்வரை சேர்ந்தே இருங்கள். அவர்கள் அப்படியே செய்தார்கள். எல்லா ஓட்டும் ஒரே சமயத்தில் விழுந்தன. ஏறக்குறைய எல்லாம் ஒரே ஆளுக்கு விழுந்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது என்கிறார். அந்த மாவட்டத்தில் பதிவான சுமார் 1,20,000 ஓட்டில் அவர் பெற்றது 1,10,704. பழைய முறையில் சில நூறு ஓட்டில் ஜெயித்துக்கொண்டிருந்தவர்.

இந்தப் பகுதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஆட்டு மந்தையைக் கண்டுவிட்டதாகவே எழுதுகிறார்கள். எனக்கு அந்த அகர வரிசை முக்கியமாகப் படுகிறது. கிராமத்தில் கோவிலில் உட்கார்வதற்கு ஒரு வரிசை உண்டு. சவ ஊர்வலத்தில் ஒரு வரிசை உண்டு. இரண்டிலும் யார் முன், யார் பின் என்பது பிறப்பதற்கு முன்பே தீர்மானமானது. எழுத்து வரிசை அப்படிப்பட்டதல்ல. அதில் பிரபுவுக்கு முன்னால் அவருடைய குடியானவன் நிற்க நேரும். அவன் அன்று பிரபுவுக்கே ஓட்டுப் போட்டான், சரி. ஆனால் அவருக்குப் போடுவதற்காக அவர் முதலில் வரிசையில் வந்து நிற்க வேண்டியிருந்தது, மேட்டில் ஏறிக் கேட்க வேண்டியிருந்தது. கீழ்ப்படிதலுக்குள் நடந்த இந்த மாற்றம் ஓட்டு எண்ணிக்கையில் தெரியாது.

இனி, பக்குவம். ஜனங்கள் தயாரில்லை என்று கிஸோ சொன்னதில் ஆச்சரியமில்லை. பிப்ரவரிக்குப் பிறகு அதே வாதத்தை எடுத்துக்கொண்டது இடதுசாரி. சிறையிலிருந்து வந்த பிளாங்கி தேர்தலைத் தள்ளிப்போடச் சொன்னார். அரை நூற்றாண்டாக ஒரு பக்கம் மட்டுமே கிராமத்தில் பேசியிருக்கிறது, நமக்குப் பேச அவகாசம் வேண்டும் என்பது அவர் கட்சி. மார்ச் 17ல் பாரிஸ் தொழிலாளிகள் பெரும் ஊர்வலமாக வந்து இதைக் கேட்டார்கள். ஏப்ரல் 9லிருந்து 23க்குத் தள்ளினார்கள். இரண்டே வாரம். பிளாங்கியின் வாதத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வாரம் போதாது என்றால் எத்தனை வருஷம் போதும் என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. கிஸோவிடமும் அதற்குப் பதில் இருக்கவில்லை.

ஏப்ரல் 15ல் உள்துறை அமைச்சகத்தின் அறிக்கைத் தாள் ஒன்று ஊரூராக ஒட்டப்பட்டது. தேர்தலின் முடிவு சமூக உண்மையை ஜெயிக்க வைக்காவிட்டால், பாரிஸ் ஜனங்கள் மறுபடி வீதித் தடுப்புகளில் ஏறி அந்தப் பொய்ப் பிரதிநிதிகளின் முடிவுகளைத் தள்ளிவைக்க நேரும் என்கிற எச்சரிக்கை அதில் இருந்தது. பெயர் போடாமல் அதை எழுதியவர் ஜார்ஜ் ஸான்ட். விவசாயிகளை நேசித்து நாவல்கள் எழுதியவர். நேசித்த ஜனங்களின் தீர்ப்பை முன்கூட்டியே நிராகரித்து வைத்திருந்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சர்வஜன வாக்குரிமையே எதிர்ப்புரட்சி என்கிற முடிவுக்கு ஏப்ரல் முடிவதற்குள் புரூதோன் வந்துவிட்டார்.

இந்தக் கூட்டத்தில் தனித்து நின்றவர் கல்வி மந்திரி கார்னோ. பிரதிநிதியாக இருக்கப் பணமும் படிப்பும் வேண்டும் என்று நம்புவதே நாட்டுப்புறத்தின் பெரிய தவறு, விவேகமும் அனுபவமும் உள்ள ஒரு விவசாயி படித்த பணக்காரனைவிட நன்றாகப் பேசுவான் என்று மார்ச் 6ல் பள்ளி அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். படித்தவர்கள் சிரித்தார்கள். ஜூலையில் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

விவசாயிக்கு ஒன்றும் தெரியாது என்றவர்கள் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்த ஒன்றை மறந்தார்கள். மார்ச் 16ல் தற்காலிக அரசாங்கம், காலியான கஜானாவை நிரப்ப, நேர்முக வரி ஒவ்வொரு ஃபிராங்குக்கும் 45 ஸாந்தீம் கூடுதல் போட்டது. வரி நூற்றுக்கு நாற்பத்தைந்து ஏறியது. அதன் பெரும் பாரம் நிலத்தின் மேல் விழுந்தது. பாரிஸில் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் நடத்திய தேசியப் பட்டறைகளுக்கு இந்தப் பணம் போகிறது என்று கிராமத்தில் பேசிக்கொண்டார்கள். குடியரசு என்றால் என்ன என்று தன் கொல்லையில் நின்ற விவசாயிக்குக் கிடைத்த முதல் விளக்கம் இந்த வரிச்சீட்டு. அதைப் படித்துப் புரிந்துகொண்டு அவன் ஓட்டுப் போட்டிருந்தால், அதை அறியாமை என்பது எந்த நியாயம்?

முடிவுகள் வந்தன. தீவிரக் குடியரசுவாதிகள் நூறு இடத்துக்கு மேல் தேறவில்லை. மிதவாதக் குடியரசுவாதிகள் பெரும்பான்மை. பழைய அரச கட்சிக்காரர்கள் இருநூறுக்கு மேல், பெயரை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பாரிஸிலேயே தொழிலாளி அல்பேர் 21வது இடம், லெத்ரு-ரோலன் 24, லூயி பிளாங் 27. முதலிடம் லமார்த்தின்; இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ஓட்டு. அவனை மொத்தம் பத்து மாவட்டங்கள் தேர்ந்தெடுத்தன. எல்லாம் சேர்த்துப் பதினாறு லட்சம். உலகத்தில் எந்தக் கவிஞனுக்கும் அதுவரை இத்தனை பேர் கையெடுத்ததில்லை. பாட்டுக்காரர் பெராஞ்ஜேயையும் இரண்டு லட்சம் பேர் தேர்ந்தார்கள். அவர் வேண்டாமென்று விலகிக்கொண்டார். ருவான் நகரத்தில் தோற்ற தொழிலாளிகள் வீதியில் இறங்க, ராணுவம் சுட்டது. லிமோழில் தேர்தல் தாள்களையே பிடுங்கிக் கிழித்தார்கள்.

ஜூனில் தேசியப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் பாரிஸின் கிழக்குப் பகுதி எழுந்தது. 23லிருந்து 26வரை நாலு நாள். கவெஞாக் என்கிற தளபதி பீரங்கி வைத்து அடக்கினார். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதுவரை தொழிலாளியைச் சுட்டவர்கள் அரசர்கள். இந்தத் தடவை சுட்டது, அவனும் ஓட்டுப் போட்டு அமைத்த சபை. ஓட்டுப் பெட்டி வந்த பிறகும் வீதித் தடுப்புக்கு நியாயம் உண்டா என்ற கேள்வி அந்த நாலு நாளில் பிறந்தது. அதற்கு இன்றுவரை சுத்தமான பதில் கிடையாது. இரண்டு பக்கத்துப் பதிலிலும் ரத்தம் இருக்கிறது.

இந்த வருஷத்தை இலக்கியத்தில் கண்டவர்களில் ஃப்ளாபேரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1869ல் வந்த அவருடைய ‘உணர்ச்சிக் கல்வி’ நாவலில் ஃப்ரெதெரிக் வேட்பாளனாக நிற்க ஒரு சங்கத்துக்குப் போகிறான். அவன் பேச எழுவதற்குள் பார்ஸலோனாவிலிருந்து வந்த ஒரு தேசபக்தர் ஸ்பானிய மொழியில் நீண்ட பிரசங்கம் செய்கிறார். ஒருவருக்கும் புரியவில்லை. புரியவில்லையே என்று சொன்ன ஃப்ரெதெரிக்கைப் பிரபு என்று கத்தி வெளியே தள்ளுகிறார்கள். பிரமாதமான ஹாஸ்யம். ஆனால் ஃப்ளாபேரின் கண் பாரிஸை விட்டு அதிகம் நகரவில்லை. அவர் காட்டுவது பேசத் தெரிந்தவர்களின் பிதற்றல். பேசத் தெரியாத 78 லட்சம் பேர் என்ன செய்தார்கள் என்பது அந்த நாவலின் வெளியே கிடக்கிறது.

லமார்த்தினுக்கு வருவோம். அரசியல் சட்டம் எழுதும்போது ஜனாதிபதியைச் சபை தேர்வதா, ஜனங்கள் நேரே தேர்வதா என்ற விவாதம். லூயி நெப்போலியனின் நிழல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்டோபர் 6ல் லமார்த்தின் எழுந்து, பகடை உருண்டுவிட்டது, கடவுளும் ஜனங்களும் தீர்ப்புச் சொல்லட்டும் என்கிற தோரணையில் பேசினான். ஜனங்கள் தவறு செய்தாலும் உரிமை அவர்களுடையது என்பது வாதம். சபை சாய்ந்தது. டிசம்பர் 10ல் தேர்தல். லூயி நெப்போலியனுக்கு 54 லட்சம். கவெஞாக்குக்குப் பதினாலரை லட்சம். லெத்ரு-ரோலனுக்கு மூன்று லட்சத்து எழுபதாயிரம். ஏப்ரலில் பதினாறு லட்சம் வாங்கிய கவிஞனுக்கு ஏறத்தாழ இருபதாயிரம்.

இதை வைத்து லமார்த்தினைக் கேலி செய்வது வழக்கம். எனக்கு அவன் கவிதையில் பெரிய ஈடுபாடு இல்லை. கண்ணீரை வாய்க்கால் வெட்டி ஓடவிடுகிற கவிதை. ஆனால் அன்று அவன் சொன்னதை அந்தச் சபையில் வேறு யாரும் சொல்லவில்லை. தனக்குப் பாதகமாக முடியக்கூடிய ஒரு தீர்ப்பைக் கேட்கும் உரிமையை ஜனங்களிடம் விட்டான். ஜார்ஜ் ஸான்ட் ஏப்ரலில் செய்ய மறுத்தது இதைத்தான்.

நெப்போலியனுக்கு விழுந்த ஓட்டை மார்க்ஸ் 1852ல் விளக்கினார். சிறு நிலக்காரர்கள் ஒவ்வொருவரும் தனித் தனி. சேர்ந்து ஒரு வர்க்கமாகத் திரள முடியாதவர்கள். சாக்கில் கொட்டிய உருளைக்கிழங்கு ஒரு சாக்கு உருளைக்கிழங்கு ஆவது போன்ற சேர்க்கை. இந்த உவமையின் வலிமை அதிகம். அதனாலேயே அதைச் சரிபார்க்காமல் நூறு வருஷம் திரும்பச் சொன்னார்கள். வரியின் மேல் கோபம், பணக்காரன் மேல் கோபம், பாரிஸ் மேல் கோபம் மூன்றையும் ஒரே பெயரில் எழுதக் கிடைத்தது அந்த டிசம்பரில்தான் என்பது சாக்குக்குள் தெரிவதில்லை.

அடுத்து நடந்ததைப் பலர் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். 1849 மே 13ல் சட்டசபைத் தேர்தல். ஜனநாயக சோஷலிஸ்டுகள் என்ற பெயரில் நின்ற இடதுசாரிக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டும் ஏறத்தாழ இருநூறு இடமும் கிடைத்தன. வந்தது எங்கிருந்து? பெரிய நகரங்களிலிருந்து மட்டுமல்ல. நடு ஃபிரான்ஸிலும் தென்கிழக்கிலும் உள்ள கிராமப்புற மாவட்டங்களிலிருந்து. ஒரு வருஷத்துக்குமுன் மந்தை என்றும், ஐந்து மாதத்துக்கு முன் நெப்போலியன் பக்தன் என்றும் பெயர் வாங்கிய அதே விவசாயியிடமிருந்து. மூன்றாவது தடவை சீட்டு எழுதும்போது அவனுக்குக் கை பழகிவிட்டது. 1850 ஏப்ரலில் பாரிஸ் இடைத்தேர்தலில், தொடர்கதை எழுதி ஊரையே காத்திருக்க வைத்த யூஜேன் ஸ்யூ சோஷலிஸ்டாக ஜெயித்தார். பங்குச் சந்தை சரிந்தது.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. மே 31, 1850 சட்டம்: ஒரே வட்டத்தில் மூன்று வருஷம் குடியிருந்ததாக வரிப் பதிவேடு சொன்னால்தான் ஓட்டு. வேலை தேடி ஊர் மாறுகிறவன், வரி கட்ட வகையில்லாதவன் எல்லாம் போனான். 96 லட்சம் 68 லட்சமாகச் சுருங்கிற்று. இழிந்த கும்பலைத்தான் நீக்குகிறோம், ஜனங்களை அல்ல என்று தியேர் வாதாடினார். சர்வஜன வாக்குரிமையால் வந்தமர்ந்த சபை தான் ஏறிய ஏணியைத் தானே வெட்டியது. பக்குவமில்லாதவன் என்று சொல்லி நீக்கப்பட்டவன், உண்மையில் பக்குவப்பட ஆரம்பித்ததற்காக நீக்கப்பட்டான்.

லூயி நெப்போலியன் இதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தார். 1851 டிசம்பர் 2ல் சபையைக் கலைத்தபோது அவர் ஒட்டிய சுவரொட்டியிலேயே வாக்குரிமை திரும்பக் கொடுக்கப்பட்டது. சர்வாதிகாரி ஜனநாயகத்தைத் திருப்பிக் கொடுப்பவனாக வர முடிந்தது, குடியரசுக் காவலர்கள் அதைப் பறித்திருந்ததால். மறுநாள் பாரிஸ் தொழிலாளிகளை வீதிக்கு அழைத்த பிரதிநிதிகளிடம், உங்கள் 25 ஃபிராங்குக்காக நாங்கள் சாக வேண்டுமா என்று ஒருவன் கேட்டதாகவும், 25 ஃபிராங்குக்காக எப்படிச் சாவது என்று பார் என்று சொல்லி போதன் என்கிற பிரதிநிதி தடுப்பின் மேல் ஏறிக் குண்டுபட்டு விழுந்ததாகவும் சொல்லப்படுகிறது. அந்தச் சம்பாஷணை அப்படியே நடந்ததோ இல்லையோ, அவர் செத்தது உண்மை. தொழிலாளி பெரும்பாலும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மை. ஜூனில் தன்னைச் சுட்டு, மேயில் தன் சீட்டைக் கிழித்த சபைக்காக அவன் ஏன் வர வேண்டும்?

வந்தவர்கள் வேறு. வார், பாஸ்-ஆல்ப், த்ரோம், எரோ போன்ற தெற்கு மாவட்டங்களில் பல்லாயிரம் கிராமத்தார் வேட்டைத் துப்பாக்கியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பாஸ்-ஆல்ப் மாவட்டத் தலைநகர் தீஞ் சில நாட்கள் அவர்கள் கையில் இருந்தது. ஜனாதிபதி சபையைக் கலைத்தால் அக்கணமே பதவி இழக்கிறார், பிரஜைகள் அவருக்குக் கீழ்ப்படிய மறுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அரசியல் சட்டத்தின் 68வது ஷரத்து சொல்லிற்று. அவர்கள் ஷரத்தைப் படித்துவிட்டு வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். திராட்சை மது வரி, காட்டு உரிமை, கடன் எல்லாம் அந்த ஊர்வலத்தில் இருந்தன. ஆனால் மொரீஸ் அகுலோன் 1970ல் வெளியிட்ட ஆராய்ச்சி, வார் கிராமங்களில் மாலையில் ஆண்கள் கூடிக் குடித்துப் பேசும் சிறு சங்கங்கள் எப்படி 1848க்குப் பிறகு அரசியல் பள்ளிகளாயின என்று காட்டுகிறது. ஒருவன் பத்திரிகையை உரக்கப் படிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரிவதும் அரசியல் தெரிவதும் ஒன்றல்ல என்பதை அந்த மேசைகள் நிரூபித்தன. சாக்கில் இருந்தவை உருளைக்கிழங்காக இருக்கவில்லை. எழுச்சியை ராணுவம் நசுக்கியது. நாடு முழுவதும் 26,000க்கும் மேற்பட்டவர்கள் மேல் வழக்கு. ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அல்ஜீரியா தண்டனை.

அதே மாதம் 20, 21ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 74 லட்சம் பேர் ஆமென்றார்களே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். பத்திரிகை கிடையாது, எதிர் வேட்பாளர் கிடையாது, பல மாவட்டங்களில் ராணுவ ஆட்சி, சீட்டில் ஆம், இல்லை என்ற இரண்டே சொல். 1849ல் கை பழகிய ஓட்டைப் பேச்சற்றதாக்கி வாங்கியது அது. ஓட்டு மட்டும் போதாது என்பதற்கு இது அத்தாட்சி. ஓட்டு கூடாது என்பதற்கு அல்ல.

சர்வஜனம் என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. தொக்வில்லின் ஊர்வலம் கிளம்பியபோது ஊரிலேயே தங்கிய பெண்கள் அதில் சேரவில்லை. 1848 ஏப்ரலில் பெண்களின் பத்திரிகை ஒன்று ஜார்ஜ் ஸான்டைத் தேர்தலில் நிறுத்த யோசனை சொன்னபோது அவர் கடுமையாக மறுத்துவிட்டார். பெண்களுக்கு இன்னும் அரசியலுக்கான காலம் வரவில்லை என்பது அவர் கட்சி. மறுபடியும் அதே பக்குவம். அடுத்த வருஷம் ழான் தெரோவான், சட்டத்தில் இடமில்லாமலே வேட்பாளராக நின்றார். ஃபிரெஞ்சுப் பெண்கள் முதல் ஓட்டுப் போட்டது 1945 ஏப்ரல் 29ல். தொண்ணூற்றேழு வருஷம்.

இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. 1848 ஏப்ரல் 27ல், அடிமை முறையை ஒழித்த அதே நாளில், காலனிகளின் தேர்தலுக்கும் அரசாணை வந்தது. புதுச்சேரி, காரைக்கால் முதலிய இந்தியக் குடியேற்றங்களுக்கு ஒரு பிரதிநிதி. ஐந்து வருஷத்துக்கு மேல் குடியிருந்த உள்ளூர்வாசி தான் ஃபிரெஞ்சுப் பிரஜை என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிற்று. எல்லைக்கு அப்பால் கும்பினி ஆண்ட சென்னை ராஜதானியில் அப்போது தேர்ந்தெடுத்து நிரப்ப ஒரு ஆசனம்கூடக் கிடையாது. அந்த இடம் நிலைக்கவில்லை. பாரிஸில் காற்று மாறியதும் போயிற்று. 1871ல்தான் திரும்பி வந்தது. ஆனாலும் தமிழ் பேசும் ஆண் ஒருவனை ஒரு தேசியத் தேர்தலின் வாக்காளனாகக் காகிதத்திலாவது எழுதியது அந்த அரசாணை. அவன் பக்குவப்பட்டவனா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கத் தொடங்கியது பின்னால்.

1848லிருந்து 1851வரை நடந்ததில் யாருடைய பக்குவம் பரீட்சைக்கு வந்தது? படித்தவர்களின் சபை மூன்று வருஷத்தில் தன் வாக்காளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியை நீக்கியது. எழுத்தாளர்களில் பெரும்பாலானவர்கள் முடிவு தங்களுக்குப் பிடித்ததாக இருக்கும்வரை ஜனங்களை நம்பினார்கள். விவசாயி நாலு தடவை ஓட்டுப் போட்டான். முதல் தடவை ஊரோடு போனான், இரண்டாம் தடவை கோபத்தில் எழுதினான், மூன்றாம் தடவை யோசித்து எழுதினான். நாலாம் தடவை அவன் யோசித்ததற்கு இடமில்லாத சீட்டைக் கொடுத்தார்கள். பக்குவம் ஓட்டுக்கு முன்னால் வந்து காத்திருக்கிற தகுதி என்று எண்ணுகிறவர்கள், அந்த இரண்டாம் தேர்தலுக்கும் மூன்றாம் தேர்தலுக்கும் இடையிலான ஐந்து மாதத்தை விளக்க வேண்டும். வாசகன் வரட்டும் என்று காத்திருக்கிற நாமும் விளக்க வேண்டியவர்கள்தான்.